ரசாயனம் தீட்டிய சிராங்கூன்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையைப் படமெடுக்க வருவோர் பெரும்பாலும் அதன் நிறங்களைத் தேடியே வருகின்றனர். கேம்பல் லேன் பூக்கடைகளில் தொங்கும் மல்லிகைச் சரமும் சாமந்தி மாலையும், வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தின் சுதைச் சிற்பங்களும், தீபாவளிக்குச் சாலை நெடுக நிகழும் ஒளியூட்டலும் கேமராவைத் தாமே அழைப்பவை. இந்நிறங்களை உள்ளபடி பிடிக்காமல், வேண்டுமென்றே திரித்துப் பிடிக்கும் முறை ஒன்று உண்டு. 'கிராஸ் பிராசஸிங்' எனப்படும் அம்முறையில், ஸ்லைடு ஃபிலிமை அதற்குரிய ரசாயனத்தில் கழுவாமல், நெகட்டிவ் ஃபிலிமுக்கான ரசாயனத்தில் கழுவிவிடுகின்றனர். பார்ப்பதற்கு இது வெறும் விளையாட்டாகவே தோன்றும். ஆனால் ஓர் ஊரின் நிறத்திற்கு அந்த ஃபிலிம் சுருள்தான் சாட்சி என்று கொண்டால், அந்தச் சாட்சியைக் கலைத்துவிடும் விளையாட்டாகவும் இதைக் கருத வேண்டியிருக்கிறது.

இதன் நுட்பத்தை அறிய, இருவகைக் கழுவலையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்லைடு ஃபிலிமுக்குரிய இ-6 முறையில், முதலில் ஒரு கறுப்பு வெள்ளை டெவலப்பர், ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 6 நிமிடங்கள் வேலைசெய்து, ஒளிபட்ட வெள்ளி உப்பை மட்டும் வெள்ளியாக்குகிறது. அதன்பின் ஒளிபடாமல் எஞ்சிய உப்பில்தான் நிறச்சாயம் உருவாக்கப்படுவதால், படம் நேராக, கண்ணால் கண்ட நிறத்திலேயே ஃபிலிமில் நின்றுவிடுகிறது. நெகட்டிவுக்குரிய சி-41 முறையிலோ, நிற டெவலப்பர் 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 விநாடியில் ஒளிபட்ட இடத்திலேயே சாயத்தை உண்டாக்கிவிடுவதால், ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் தலைகீழாகின்றன. ஸ்லைடு ஃபிலிமின் மூன்று நிறப் படலங்களும் வேறொரு டெவலப்பருக்காகச் சமன்செய்யப்பட்டவை என்பதால், சி-41 தொட்டியில் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. நிழலில் ஒரு சாயல் ஏற, வெளிச்சத்தில் அதற்கு எதிரான சாயல் ஏறுகிறது. போதாக்குறைக்கு, சாயங்களின் குறையை ஈடுகட்ட நெகட்டிவ் ஃபிலிமில் வைக்கப்பட்டிருக்கும் ஆரஞ்சுப் பூச்சு ஸ்லைடு ஃபிலிமில் கிடையாது. ஆகவே அப்பூச்சைக் கணக்கில் கொண்டு இயங்கும் பிரிண்ட் இயந்திரமும் தன் பங்குக்கு நிறத்தைத் திருப்பிவிடுகிறது.

விளைவு ஃபிலிமுக்கு ஃபிலிம் வேறுபடும். ஒன்று பச்சைக்குச் சாயும், மற்றொன்று நீலத்துக்கோ செம்மைக்கோ சாயும். எல்லாவற்றுக்கும் பொதுவானது, ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான வேற்றுமை கூர்மையாவதாகும். சிராங்கூனில் இதன் பொருளை ஒரு பூக்கடையிலேயே காணலாம்: வெயில் விழும் மல்லிகைச் சரம் இதழ் தெரியாத வெண்திட்டாக வெளுத்துப்போக, கடைவீட்டு ஐந்தடி நடைபாதையின் நிழலில் அமர்ந்து சரம் தொடுக்கும் மாநிற முகம் சாயம் ஏறிய இருளுக்குள் அமிழ்ந்துவிடுகிறது. பச்சைக்குச் சாயும் ஃபிலிமாக இருந்தால், சாமந்தியின் மஞ்சள் எலுமிச்சைக் காயின் நிறத்தை எட்டிவிடுகிறது.

இத்தகைய திரிபு 1990களின் ஃபேஷன் படங்களிலும் இசைக் காணொளிகளிலும் ஒரு பாணியாகவே வேரூன்றியது. வளைகுடாப் போரின் முடிவைக் களமாகக் கொண்ட 'த்ரீ கிங்ஸ்' (1999) திரைப்படத்தின் சில பகுதிகளை ஒளிப்பதிவாளர் நியூட்டன் தாமஸ் சீகல் இம்முறையிலேயே பதிவுசெய்தார். ஃபிலிம் அருகிய பின்னும் அப்பாணி மறையவில்லை. 2010இல் வந்த இன்ஸ்டகிராம் செயலியின் தொடக்ககால வடிப்பான்களுள் ஒன்றுக்கு 'எக்ஸ்-ப்ரோ 2' என்று பெயர் சூட்டப்பட்டது, கிராஸ் பிராசஸிங்கின் சுருக்கப் பெயரை ஒட்டியேயாகும். ரசாயனத் தொட்டியை ஒருபோதும் கண்டிராத விரலும் இன்று ஒரே தொடுதலில் அதே திரிபைச் செய்துவிடுகிறது.

இங்குதான் கவலை எழுகிறது. நெகட்டிவ் என்பது பாதி வழியில் நிற்கும் பொருள். அதிலிருந்து பிரிண்ட் போடுபவரின் விருப்பத்திற்கேற்ப நிறம் கூடும், குறையும். ஸ்லைடு அப்படியன்று, கேமராவுக்குள் ஒளிபட்ட அதே துண்டு ஃபிலிமே இறுதிப் படமாகவும் இருப்பதால், இடையில் எவர் கையும் படாத நிறச்சான்றாக அது நிலைக்கிறது. இந்தியாவின் நிறங்களையே தம் கலையின் உயிராகக் கொண்டிருந்த ரகுபீர் சிங் பல்லாண்டுகள் கோடாக்குரோம் ஸ்லைடு ஃபிலிமையே கையாண்டார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. சாயத்தை உருவாக்கும் பொருள் ஃபிலிமில் இல்லாமல் கழுவும் கரைசலிலேயே இருந்ததால், கோடாக்குரோமைச் சி-41இல் இட்டு நிறவிளையாட்டு ஆடவும் இயலாது. அதைக் கழுவிக்கொடுத்த கடைசி லேப், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், 2010 டிசம்பர் இறுதியோடு சுருள்களை ஏற்பதை நிறுத்திக்கொண்டது.

சிராங்கூனுக்கு இச்சான்று வேறெந்த வட்டாரத்தையும்விட மிகுதியாகத் தேவைப்படுகிறது. சிராங்கூன் சாலையை ஒட்டிய லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டபின் கடைவீடுகளின் சுவர்களும் கூரைகளும் காக்கப்பட்டன. பூச்சு நிறமோ காலந்தோறும் மாறிவருகிறது. கெர்பாவ் சாலையில் 1900இல் எழுந்த டான் டெங் நியா மாளிகை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இவ்வட்டாரத்தில் எஞ்சி நிற்கும் அந்தச் சீன மாளிகையின் ஒவ்வொரு சன்னல் கதவும் இன்று வெவ்வேறு நிறத்தில் மின்னுவதால், அதன் முன் நின்று படமெடுக்காத பயணியைக் காண்பது அரிது. நாளை அது வேறு வண்ணம் பூசப்பட்டால், இன்றைய சன்னல் பலகை ஒன்று நீலமா பச்சையா என்ற கேள்விக்குப் படங்களே விடை சொல்ல வேண்டும். அப்போது கைக்குக் கிடைக்கும் படம் கிராஸ் பிராசஸிங்கில் பச்சை ஏறியதாக இருந்தால், அது விடையாக இராது, பொய்ச்சாட்சியாகவே இருக்கும். கோபுரச் சுதைகளுக்குக் குடமுழுக்குதோறும் புதுவண்ணம் தீட்டப்படுகையில், பழைய வண்ணத்தைத் தேடுவோருக்கும் இதே இடர் நேரும்.

எந்த ஃபிலிமும் நிறத்தை முழுமையாக உள்ளபடி காட்டுவதில்லை, ஆகவே திரிபும் ஒரு கலையே என்று இம்முறையை விரும்புவோர் வாதிடுவர். எனினும், அறிந்த அளவுக்குள் நிற்கும் பிழையும், அளவே இல்லாத பிழையும் ஒன்றாகிவிடா. இ-6இல் முறையாகக் கழுவிய ஸ்லைடின் பிழையைக் கணித்துத் திருத்திவிடலாம். படலத்துக்குப் படலம் வேறுபட்டுச் சாய்ந்த நிறத்தைத் திருத்தப் புகுவோர் ஊகத்தையே நம்ப வேண்டியிருக்கும். சோதனை செய்வோர் ஒரே இடத்தை இரு சுருள்களில் எடுத்து, ஒன்றையேனும் உரிய முறையில் கழுவிவைப்பது இழப்பைப் பெருமளவு தவிர்க்கும்.

அதற்கும் இயலாதவர்கள் ஃபிலிமின் ஓரத்தையேனும் காக்க வேண்டும். முறையாகக் கழுவிய ஸ்லைடில் துளைகளைச் சுற்றிய ஓரம் கறுப்பாக இருக்கும். சாதாரண நெகட்டிவில் அது ஆரஞ்சு நிறமாக இருக்கும். கிராஸ் பிராசஸிங்கில் கழுவிய சுருளிலோ, ஓரம் கண்ணாடிபோல் தெளிந்து, ஃபிலிமின் பெயரும் எண்ணும் அதன்மேல் கருமையாகத் தெரியும். மாளிகையின் பலகை எந்நிறத்தில் தோன்றினும், அந்நிறத்தை நம்பலாகாது என்று பிற்காலத்தவருக்குச் சொல்லும் ஒரே அடையாளம் அத்தெளிந்த ஓரமே. ஸ்கேன் செய்கையில் அழகு கருதி முதலில் வெட்டி எறியப்படுவதும் அதுவே. கைப்பேசியின் வடிப்பானுக்கோ, வெட்டுவதற்கும்கூட ஓர் ஓரம் இல்லை.