பிலிப்பைன்சில் கண்ட சில்லறை இன்பங்கள்

ஒரு நாட்டை அறிய அதன் மாட மாளிகைகளையும் கடற்கரைகளையும் கண்டால் போதும் என்று எண்ணுவோர் பலர். மணிலாவை அடுத்த கேசோன் நகரில் சில மாதங்கள் தங்கிய எனக்கோ, நான் குடியிருந்த சிறு தெருவே அந்நாட்டைக் கற்பித்தது.

அங்குப் பொழுது ‘தாஹோ’ என்னும் நீண்ட குரலோடு புலரும். வியாபாரியின் தோளில் காவடி போன்ற ஒரு தண்டு. அதன் இரு முனைகளிலும் அலுமினிய வாளிகள். ஒன்றில் சோயாப்பாலை உறைய வைத்த இளஞ்சூடான கட்டி. மற்றொன்றில் பழுப்புச் சர்க்கரைப் பாகும் சவ்வரிசியும். இவற்றைக் கோப்பையில் கலந்து தருவார். தெருமுனை அடுமனையிலிருந்து ‘பான்தெசால்’ என்னும் சிறு ரொட்டியின் மணம் வரும். 1565 முதல் 1898 வரை ஆண்ட ஸ்பானியர் விட்டுச் சென்ற பெயர் அது. பொருள் ‘உப்பு ரொட்டி’. சுவையோ சற்றே இனிப்பு!

அத்தெருவின் உயிர்நாடி ‘சரிசரி’ கடை. நம் செவிக்கு இசைவு சொல்வது போல் ஒலித்தாலும், தகாலோகு மொழியில் அதற்குப் ‘பலவகை’ என்பதே பொருள். வீட்டின் முன்புறமே கடை. கம்பிவலைக்குப் பின்னால் சரஞ்சரமாய்த் தொங்கும் சிறு பொட்டலங்கள். ஒரு முட்டை, ஒரு சிகரெட், ஒரு தலைமுழுக்குக்கான ஷாம்பு, ஒரு சமையலுக்கான எண்ணெய் என்று தேவைக்கேற்ப வாங்கலாம். இம்முறைக்குத் ‘திங்கி’ என்று பெயர். கணக்குப் பார்த்தால் புட்டியாக வாங்குவதே மலிவு. ஆனால் அன்றாடம் காய்ச்சிகளிடம் புட்டிக்குரிய முழுப்பணம் ஒருசேர இருப்பதில்லை. திங்கியால் விளையும் கேடும் உண்டு: பொட்டல உறைகள் சாக்கடைகளை அடைக்கின்றன. பெரிய நிறுவனங்கள் தம் பிளாஸ்டிக் உறைக் கழிவுகளை மீட்டெடுக்க வேண்டும் என 2022-இல் அந்நாடு சட்டம் இயற்றியது.

கடைக்கார அம்மையாரை யாவரும் ‘ஆத்தே’ என்றே அழைப்பர். அக்காள் என்பது பொருள். ஒருமுறை காய்ச்சலால் இரண்டு நாட்கள் நான் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் கதவருகே “தாவோ போ” என்று குரல். ‘ஐயா, ஆள் வந்திருக்கிறேன்’ என்பது போன்ற அழைப்பு அது. ஆத்தேயின் மகன் இஞ்சி மணக்கும் அரிசிக் கஞ்சியோடு நின்றான். கையில் காசில்லை என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். பின்னர்க் கடன் தீர்க்கச் சென்றபோது ஆத்தே தம் குறிப்பேட்டைப் புரட்டினார். ரொட்டியும் முட்டையும் என் கணக்கில் இருந்தன. கஞ்சி மட்டும் எழுதப்படவில்லை! வழக்கமாக வாங்குவோரும் விற்போரும் ஒருவருக்கொருவர் ‘சுக்கி’. அவ்வுறவின் பொருளை அன்றுதான் உணர்ந்தேன்.

பிற்பகலில் ‘மெரியெண்டா’ என்னும் சிற்றுண்டி வேளை. சர்க்கரை பூசிப் பொரித்த வாழைப்பழத்தை மூங்கில் குச்சியில் கோத்துத் தருவர். புளிப்பான மாங்காயை இறால் விழுதில் தொட்டு உண்பர். மாங்கனிக்கு அவர்கள் வழங்கும் ‘மங்கா’ என்னும் சொல், நம் ‘மாங்காய்’ மலாய் மொழி வழியாகச் சென்று சேர்ந்ததே என்றறிந்து மகிழ்ந்தேன்.

உண்டுகொண்டிருப்போர், தெருவில் செல்வோரைக் கண்டால் “காயின் தாயோ”, அதாவது ‘வாருங்கள், உண்போம்’ என்பர். தட்டில் இருப்பது ஒரு பிடி சோறேயானாலும் இவ்வழைப்புத் தவறாது. பொருளைச் சில்லறையாக வாங்கும் அம்மக்கள் அன்பை மட்டும் சில்லறையாகத் தருவதில்லை. நான் அங்குக் கற்ற பாடம் இதுவே.