கேழ்வரகின் காலடியில் முளைக்கும் கீரை

ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023-ல் கேழ்வரகைப் பற்றி நிறையவே பேசினோம். அதன் காலடியில் முளைக்கும் கீரைகளைப் பற்றி எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்திலுள்ள சிங்காரப்பேட்டை போன்ற ஊர்களின் மானாவாரி நிலங்களில், மழை விழுந்ததும் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமட்டிக்கீரை எல்லாம் விதைக்காமலே எழும். சித்த மருத்துவம் வேரை மருந்தாகக் கொள்ளும் மூக்கிரட்டையும் வரப்பில் படரும். அதன் இலையும் கறிக்கு ஆகும். களையெடுக்கும் பெண்கள் தளிர்களைக் கிள்ளி மடியில் கட்டிக்கொள்வார்கள். பண்ணைக்கீரையைப் பூவெடுக்கும் முன்பே பறித்துவிட வேண்டும். எல்லாவற்றையும் கலந்து கடைந்தால் களிக்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் இந்தக் கலவைக்கு ‘பெரகெ சொப்பு’ என்றே பெயர்.

இன்று களையெடுக்க ஆளில்லை, களைக்கொல்லி வந்துவிட்டது. உழவரை நான் குறை சொல்லவில்லை, கூலிக் கணக்கு அப்படி. ஆனால் 2,4-டி போன்ற மருந்து புல்லினப் பயிரை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளையே தேடி அழிக்கிறது. கேழ்வரகு புல்லினம், நாம் உண்ணும் கீரைகளோ அகன்ற இலையின. கூலியோடு கீரையும் கொண்டுபோன நிலமற்ற பெண்ணுக்கு இது இரட்டை இழப்பு.

அதைவிட அஞ்ச வேண்டியது வேறொன்று. மருந்தடித்த உடனே செடி வாடிவிடாது, பச்சையாகவே நிற்கும். அடுத்தவர் நிலத்தில் பறிப்பவருக்கு அது தெரிய வழியில்லை. தெளித்த வயலின் வரப்பில் ஒரு சிவப்புத் துணியையாவது கட்டிவைக்கலாமே.