கடல் கடந்த கைத்திறன் – 9: புசானுக்குப் போன 130 பேர்

சென்ற வாரம், இந்தியாவின் மாருதி ஜப்பானின் சுசுகியோடு சேர்ந்து கார் தயாரித்த கதை. 1982 ஒப்பந்தம், குர்கான் ஆலை, அதைச் சுற்றி முளைத்த உதிரிபாகத் தொழிற்சாலைகள். இந்த வாரம் ஏற்றுமதிக்குக் கைகொடுத்த வங்கிகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காக வங்கதேசத்து ஆயத்த ஆடைத் தொழிலின் பழைய வரலாற்றைப் புரட்டினேன். அங்கே ஒரு கணக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. 130 பேரில் 115 பேர்.

நூருல் காதர் என்றொரு அரசு அதிகாரி. 1971-ல் பாப்னா மாவட்ட நிர்வாகத்தின் தலைவராக இருந்தவர், விடுதலைப் போரில் குதித்தார். நாடு பிறந்த பிறகு அரசுப் பணியை விட்டுவிட்டுத் தொழிலுக்கு வந்தார். அவர் தொடங்கிய தேஷ் கார்மென்ட்ஸ், சிட்டகாங்கின் காலுர்காட்டில் எழுந்தது. கூட்டாளி, தென்கொரியாவின் தேவூ நிறுவனம்.

தேவூ ஏன் அங்கே வந்தது? 1974 முதல் பணக்கார நாடுகள் துணி இறக்குமதிக்குக் கோட்டா போட்டிருந்தன. கொரியச் சட்டைகளுக்கு உச்சவரம்பு இருந்தது. வங்கதேசத்துக்கு அப்போது இல்லை. ஆக, வந்தவர்கள் சொந்தக் கணக்கோடுதான் வந்தார்கள். அதில் தவறே இல்லை. வெளிநாட்டுக் கம்பெனியின் லாபக் கணக்கில் நமக்கான இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் உள்ளூர் முதலாளியின் சாமர்த்தியம். காதர் அதைக் கண்டுபிடித்தார். அவர் கேட்டது பயிற்சி.

1979-ல் தேஷ் நிறுவனத்தின் ஊழியர்கள் சுமார் 130 பேர் தென்கொரியாவின் புசானில் இருந்த தேவூ ஆலைக்குப் போனார்கள். ஏறத்தாழ ஆறு மாதம் அங்கேயே இருந்தார்கள். மேற்பார்வையாளர்களும் மேலாளர்களும் அதில் உண்டு. தையலோடு தரக்கட்டுப்பாடு, நிர்வாகம், விற்பனை எல்லாம் பழகினார்கள். பதிலுக்கு, விற்பனையில் 8 சதவீதத்தை ராயல்டியாகவும் கமிஷனாகவும் தேவூவுக்குத் தருவதாக ஒப்பந்தம்.

சட்டை தைக்க ஆறு மாதமா என்று கேட்பவர்கள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் கட்டிங் பிரிவில் அரை நாள் நின்று பார்க்க வேண்டும். நீள மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து லே போடுவார்கள். மேலே மார்க்கர் தாள். துணி வீணாகாதபடி கை, காலர், முதுகு எல்லாம் இடுக்கில் இடுக்காகப் பொருந்தும். வெட்டியதும் ஒவ்வொரு துண்டிலும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒரே நீலம்தான், ஆனாலும் ஒரு ரோலுக்கும் இன்னொரு ரோலுக்கும் ஷேடு மாறும். நம்பர் பிசகி ஒரு ரோலின் காலர் இன்னொரு ரோலின் உடம்போடு சேர்ந்துவிட்டால், வெளிச்சத்தில் காலர் மட்டும் தனியாகத் தெரியும். சரக்கை வாங்குபவர் ஏற்க மாட்டார். இந்த ஸ்டிக்கரின் அருமை இயந்திரத்தோடு வரும் கையேட்டில் இருக்காது. ஏற்கெனவே சரக்குத் திரும்பி வந்து அடிபட்ட ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னால்தான் மண்டையில் ஏறும்.

1980-ல் தேஷ் உற்பத்தியைத் தொடங்கியது. முதல் ஆண்டில் 43,000 சட்டைகள். 1981-லேயே தேவூவுடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. ராயல்டி இல்லாமலே நடக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். 1987-ல் 23 லட்சம் சட்டைகள்.

இனி அந்தக் கணக்குக்கு வருகிறேன். புசானுக்குப் போய்வந்த 130 பேரில் 115 பேர், 1980களில் தேஷை விட்டு வெளியேறினார்கள். சிலர் சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்கினார்கள். மற்றவர்கள் புதிதாக வந்த கம்பெனிகளில் சேர்ந்தார்கள். தேஷுக்கு முன்பும் ரியாஸ் கார்மென்ட்ஸ் போன்றவர்கள் சட்டை ஏற்றுமதி செய்ததுண்டு. ஆனால் தொழில் ஊர் ஊராகப் பரவியதில் இந்த 115 பேரின் பங்கு மிகப் பெரியது. இன்று சீனாவுக்கு அடுத்த நிலையில் பேசப்படும் ஆடை ஏற்றுமதி நாடு வங்கதேசம்.

திருப்பூரில் யாரிடம் பேசினாலும் இந்தக் குறை காதில் விழும்: "பழக்கிவிட்டா, பக்கத்து கம்பெனிக்குப் போயிடறான் சார்." அந்த வலி நியாயமானது. பயிற்சிக்குச் செலவழித்தவர் ஒருவர், பலன் அடைபவர் இன்னொருவர். தேஷுக்கும் அதே நிலைதான். பின்னால் வந்த எத்தனையோ கம்பெனிகள் அதைவிடப் பெரிதாக வளர்ந்தன. அதற்காக ஆட்களைக் கட்டிப்போடும் ஒப்பந்தங்களை நான் ஏற்க மாட்டேன். முதலில் பயிற்றுவிக்கும் கம்பெனியின் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கட்டும். வெளிநாட்டு ஆலைகளுக்கு நிலமும் மின்சாரமும் சலுகை விலையில் தரும்போது, எத்தனை உள்ளூர் மேற்பார்வையாளர்களைத் தாய் ஆலைக்கு அனுப்புவீர்கள் என்ற கேள்வியையும் ஒப்பந்தத்தில் எழுதட்டும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் தரும் சலுகை, வெறும் சலுகைதான்.

வங்கதேசம் கற்காமல் விட்ட பாடமும் உண்டு. 2013-ல் சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தையல் நுட்பம் வந்த வேகத்தில் கட்டடப் பாதுகாப்பு வரவில்லை. சட்டை வாங்கிய பன்னாட்டு நிறுவனங்களுக்கும் அந்தப் பழியில் பங்குண்டு. அதற்குத் தனி வாரம் வேண்டும்.

வங்கிக் கதைக்கு இடம் போதவில்லை. ஏற்றுமதி ஆர்டருக்கு வந்த கடனுறுதிக் கடிதத்தையே (எல்.சி.) ஈடாக வைத்து, துணி வாங்க இன்னொரு கடனுறுதிக் கடிதம் திறப்பதை 'பேக்-டு-பேக் எல்.சி.' என்பார்கள். கையில் முதல் இல்லாதவர்களும் ஆலை நடத்த முடிந்தது அதனால்தான். அடுத்த வாரம் அதுதான்.