செயலிலே விளங்கிய சமயம்

ஒருவர் எச்சமயத்தவர் என்பதை அவர் வழிபடும் இடத்தைக் கொண்டு அறியலாம். அச்சமயம் அவருள்ளத்தில் எவ்வளவு ஆழமாய் வேரூன்றியுள்ளது என்பதையோ, அவர் நாள்தோறும் செய்யும் தொழிலைக் கொண்டே அறிதல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையோடு முடிந்துவிடாத கிறிஸ்தவ வாழ்வு எத்தகையது என அறிய விரும்புவோர், மானிப்பாயிற் பணியாற்றிய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் வரலாற்றை நோக்குதல் நன்று.

அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1822ஆம் ஆண்டு பிறந்த கிறீன், அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டிலே மானிப்பாயில் நோயாளரைப் பராமரிக்கவும், மாணவருக்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பிக்கவும் தொடங்கினார். அக்காலத்திற் போதனை ஆங்கிலத்தில் நடைபெற்றது. ஆங்கிலத்திற் பயின்றோரை அரசாங்க உத்தியோகமும் உயர்ந்த சம்பளமும் வெளியூர்களுக்கு ஈர்த்தன. கிராமத்து நோயாளிக்கு அக்கல்வியால் விளைந்த பயன் குறைந்தது.

இந்நிலையிற் கிறீன் செய்த முடிவு சிந்தித்தற்குரியது. தமிழைக் கற்றுத் தேர்ந்த அவர், 1864 முதல் வைத்தியத்தைத் தமிழிலேயே போதிக்கலானார். எளிய செயலன்று அது. எலும்புக்கும் தசைக்கும், நோய்க்கும் மருந்துக்கும் ஏற்ற சொற்களைத் தேடல் வேண்டும். பாடநூல்களை ஆக்கல் வேண்டும். மாணவரின் துணையோடு அவர் அப்பணியிலே பல்லாண்டு உழைத்தார். ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் மறையும்வரை, தமிழ் மருத்துவ நூற்பணியை அவர் கைவிட்டாரல்லர். அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60இற்கு மேற்பட்டோர். அவருள் 33 பேர் தமிழிலே கற்றவர்கள்.

கிறீன் தம் சமயத்தைப் பரப்பும் நோக்குடனேயே வந்தார் என்பதை மறைத்தற்கில்லை. அவர் பிறந்த அதே 1822இற் பிறந்த ஆறுமுக நாவலர், மதமாற்றத்தை எதிர்த்துச் சைவத்தைக் காத்து நின்றவர். நாவலர் வழிவந்த சைவர்களாகிய நாம் கிறீனின் அந்நோக்கத்தை ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் அவர் உழைப்பைப் போற்றுதற்கு அது தடையாகாது. கிறிஸ்தவராவோரும் தமிழருக்குரிய உடையையும் பழக்கவழக்கங்களையும் கைவிடலாகாது என்பதே அவர் கருத்தாயிருந்தது. தம் கல்லறையில், தமிழருக்கு மருத்துவ ஊழியஞ் செய்தவர் என்ற குறிப்பு இடம்பெறவேண்டுமென அவர் விரும்பினார்.

அயலானிடத்து அன்பு செலுத்துக என்பது கிறிஸ்தவ போதனை. அதனைக் கிறீன் பிரசங்கத்தோடு நிறுத்தவில்லை. புண்ணைக் கழுவியும், சொற்களை ஒவ்வொன்றாய்த் தேடியும், மாணவரின் ஏடுகளைத் திருத்தியும் நிறைவேற்றினார். அவற்றுட் பெரும்பாலானவை பிறர் கண்ணுக்குப் புலப்படாத சிறு வேலைகளே.

மாணவர்களே, உயர்கல்வி பெற்று நாளை நீங்கள் வைத்தியராகலாம், பொறியியலாளராகலாம், ஆசிரியராகலாம். அக்கல்வியை உங்கள் ஊரவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்க உங்களால் இயலுமா? எளியவர் ஒருவர் உங்கள் முன் வந்து நிற்கும்போது, அவருக்காகச் சற்று நேரம் செலவிட மனம் இடந்தருமா? கோயிலுக்குச் செல்வோரும் தேவாலயத்துக்குச் செல்வோரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய வினாக்கள் இவை.