அப்பாவின் வள்ளம் என்ன நிறம்?

அண்மையில் கட்டுகஸ்தோட்டையில் உள்ள ஒரு ஸ்ரூடியோவுக்கு ஓர் அம்மாவுடன் போயிருந்தேன். மகளைக் கட்டிக் கொடுத்த இடத்தில், மகாவலிக் கரையோரம் இப்போது வாழ்கிறார். அவரது பையில் தபாலட்டை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. மயிலிட்டித் துறைமுகம். வள்ளத்தின் அணியத்தில் கைவைத்தபடி அவரது கணவர் நிற்கிறார். 1990 ஜூனில் இடம்பெயர்ந்தபோது வீடும் வலையும் போயின. பிறப்புச் சான்றிதழ்களோடு இந்தப் படம் மட்டும் வந்தது. கணவர் பின்னொரு நாள் கடலுக்குப் போனார், திரும்பவில்லை.

"கலராக்கித் தாறேன் அம்மா, புதுசு மாதிரி இருக்கும்" என்றார் ஸ்ரூடியோத் தம்பி. சில நிமிடங்களில் கணினித் திரையில் கடல் நீலமானது. வள்ளமும் நீலமானது. சாரம் மண்ணிறமானது. அம்மா உற்றுப் பார்த்தார்.

"இது எங்கட வள்ளம் இல்லைத் தம்பி. எங்கடது பச்சை. விளிம்பிலை சிவப்புக் கோடு."

கணினியில் பிழை இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெளிச்சத்தின் அளவு மட்டுமே. பச்சையும் நீலமும் அதில் ஒரே சாம்பலாக விழலாம். ஆகவே கணினி தான் முன்பு கண்ட ஆயிரமாயிரம் படங்களைக் கொண்டு ஊகிக்கிறது. உண்மையான நிறம் அம்மாவின் நினைவில்தான் இருக்கிறது.

இது புதிய விடயமும் அல்ல. நூறு வருடங்களுக்கு முன்னர் கொழும்புத் துறைமுகமும், கட்டுகஸ்தோட்டை ஆற்றில் குளிக்கும் யானைகளும் தபாலட்டைகளாக விற்பனையாகின. அவற்றில் பல கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டு, பின்னர் நிறம் பூசி அச்சிடப்பட்டவை. அழகானவைதான், ஆனால் அந்த நிறங்களைச் சாட்சியாகக் கொள்ள முடியாது. மறுபுறம், 1944இல் காலமான எமது நாட்டுக் கலைஞர் லயனல் வென்ட் கறுப்பு வெள்ளையிலேயே இந்நாட்டு மக்களின் உடலையும் உழைப்பையும் காட்டினார். அவற்றில் நிறம் இல்லாதது குறையாகத் தெரிவதில்லை.

அப்படியானால் கலர்ப் படம்தான் உண்மையா? அதுவும் முழுமையாக இல்லை. 1970களிலும் 80களிலும் கழுவிய கலர்ப் படங்கள் பல இன்று செம்மை படர்ந்து கிடக்கின்றன. அவற்றின் நிறம் சாயத்தால் ஆனது. வெளிச்சத்திலும் வெப்பத்திலும் சாயம் மங்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளித் துணிக்கைகள். நன்றாகக் கழுவிப் பேணினால் அது நீண்டகாலம் நிற்கும். அம்மாவின் படம் தப்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் மக்களிடம் மீண்டும் கையளிக்கப்பட்டது. இப்போது ஊர் பார்க்கப் போகும் சகோதரிகள் கையில் தொலைபேசியுடன் போகிறார்கள். கலரிலேயே எடுங்கள். கலரில் எடுத்ததைப் பின்னர் கறுப்பு வெள்ளையாக்கலாம்; கறுப்பு வெள்ளையில் எடுத்ததற்கு உண்மையான நிறத்தை மீட்க முடியாது. படகின் நிறம், வலையின் நிறம், மதிலின் பாசி எல்லாம் நாளை உங்கள் பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில்கள்.

பழைய படங்கள் வைத்திருப்போருக்குச் சில வார்த்தைகள். மூலப்படத்தில் கைவைக்க விடாதீர்கள்; ஸ்கான் செய்து, பிரதியிலேயே மாற்றம் செய்யச் சொல்லுங்கள். ஒட்டும் அல்பங்களைத் தவிருங்கள். கண்டிப் பக்கத்து ஈரத்தில் படம் பூஞ்சணம் பிடிக்கும். கடித உறையிலிட்டு உலர்ந்த இடத்தில் வையுங்கள். விபரங்களை உறையின் மேல் எழுதுங்கள். படத்தின் பின்புறம் எழுதவே வேண்டுமானால் மெதுவாகப் பென்சிலால் எழுதுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் சகோதரிகளுக்கு இது இன்னும் முக்கியம். அலுவலகங்களுக்குக் கணினி நிறமூட்டிய படத்தைக் கொடுக்காதீர்கள். அது சேட்டின் நிறத்தை மாற்றிவிடும். மங்கிய முகத்தைத் தெளிவாக்கும்போது இல்லாத கண்ணையும் மூக்கையும் வரைந்துவிடவும் கூடும். உள்ளபடி எடுத்த பிரதியைக் கொடுங்கள். மூலப்படம் உங்களிடமே இருக்கட்டும்.

அன்று அம்மா இரண்டு படங்கள் கேட்டார். சுவரில் மாட்டக் கறுப்பு வெள்ளையில் ஒன்று. பேரப்பிள்ளைகளுக்குக் கலரில் ஒன்று. இரண்டாவதற்கு அவரே தம்பியின் பக்கத்தில் அமர்ந்து நிறம் சொன்னார். "இன்னும் கொஞ்சம் கடும் பச்சை... இப்ப சரி." சாரத்தின் நிறம் கேட்டபோது சற்று யோசித்தார். "அது ஞாபகம் இல்லைத் தம்பி. அதை அப்பிடியே விடுங்கோ."

சாரம் சாம்பலாகவே இருக்கிறது. மகள் உறையின் மேல் எழுதினாள்: "வள்ளத்தின் நிறம் அம்மா சொன்னது."

உங்கள் பெட்டியிலும் அப்படியொரு படம் இருக்கக்கூடும். நிறம் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.