சரக்கு கடல் தாண்டும், பொறுப்பு தாண்டாது

தென்காசி மாவட்டம் புளியங்குடியில் எலுமிச்சை விற்கிற விவசாயியிடம் பேசிப் பாருங்கள். எந்தக் கமிஷன் கடையில் போட்டார், அங்கிருந்து எந்த வியாபாரி எடுத்தார், லோடு கேரளத்துக்குப் போகிறதா வேறு பக்கமா, கடைக்காரர் நூற்றுக்கு எவ்வளவு பிடித்தார் என்று எல்லாவற்றையும் சொல்வார். அதே விவசாயி தோட்டத்துக்கு மருந்தடிக்க வாங்கிய பேட்டரி ஸ்பிரேயரைச் செய்தது யார் என்று கேட்டால் பதில் இருக்காது. பெட்டியின் மேல் ஒரு பிராண்ட் பெயர் இருக்கும். கீழே பொடி எழுத்தில் இறக்குமதி செய்தவரின் முகவரி இருக்கும். அதற்கு அப்பால் என்ன என்பது பெரும்பாலும் விற்ற கடைக்காரருக்கும் தெரியாது.

முன்பெல்லாம் இது கடைக்காரரின் கவலையாக இல்லை. சென்னை பாரிமுனையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் மொத்த வியாபாரி சரக்கு அனுப்புவார். பழுதானால் அவரிடமே திருப்பி அனுப்பலாம். இப்போது நிலைமை வேறு. இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் வாங்க 500 ரூபாய்க் கட்டணமும் பான் அட்டையும் வங்கிக் கணக்கும் போதும். அலிபாபாவில் தேடி, வாட்ஸ்அப்பில் பேசி, சீனாவிலிருந்து நேரடியாக இறக்குவது சிறு நகரத்துக் கடைக்காரருக்கும் கைக்கெட்டும் காரியமாகிவிட்டது. துறைமுகமும் தூரமில்லை. சங்கரன்கோவில், கோவில்பட்டி வழியாகப் போனால் தூத்துக்குடி.

இந்த இடத்தில்தான் ஒரு கேள்வி வருகிறது: ஆலையிடம் வாங்குவதா, ஆலைகளிடம் வாங்கி விற்கும் டிரேடிங் கம்பெனியிடம் வாங்குவதா? பெரும்பாலோர் இதை விலைக் கேள்வியாக மட்டும் பார்க்கிறார்கள். 'நாங்க நேரா ஃபேக்டரியில எடுக்கிறோம்' என்று சொல்வதில் ஒரு பெருமையும் இருக்கிறது. என் பார்வையில் விலை இரண்டாவது கேள்விதான். இயந்திரம் கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்பதுதான் முதலில் கேட்கவேண்டியது.

சீனாவில் டிரேடிங் கம்பெனிகள் இத்தனை பெருகியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. குவாங்சோ நகரில் 1957 முதல் நடந்துவரும் கேன்டன் கண்காட்சிக்கு உலகெங்கிலுமிருந்து வியாபாரிகள் போனார்கள். ஆனால் நெடுங்காலம் அங்கே விற்கும் உரிமை அரசின் வெளிநாட்டு வர்த்தக நிறுவனங்களிடமே இருந்தது. பொருளைச் செய்த ஆலை தன் பெயரில் ஏற்றுமதி செய்ய முடியாது. அந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்தது. திருத்தப்பட்ட வெளிநாட்டு வர்த்தகச் சட்டம் 2004 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பிறகுதான், பதிவு செய்துகொண்டால் யாரும் ஏற்றுமதி செய்யலாம் என்றானது. அதற்குள் ஏற்றுமதித் தொழிலை அறிந்த ஒரு பெரிய கூட்டம் உருவாகிவிட்டது. ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது, சுங்க ஆவணம் தயாரிப்பது, கப்பலில் இடம் பிடிப்பது, பல ஆலைகளின் சரக்கை ஒரே கண்டெய்னரில் சேர்ப்பது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. ஆலைக்காரருக்கு அச்சும் மோட்டாரும் தெரியும். இவையெல்லாம் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

செஜியாங் மாகாணத்தை எடுத்துக்கொண்டால் யோங்காங் நகரம் இரும்புச் சாமான்களுக்கும் கைக்கருவிகளுக்கும் பெயர்போனது. வென்லிங்கில் தண்ணீர் பம்புகள் செய்கிறார்கள். தைசோ வட்டாரத்தில் ஸ்பிரேயர்கள். புளியங்குடிக் கடைக்காரருக்கு ஸ்பிரேயர் கொஞ்சம், புல் வெட்டும் பிரஷ் கட்டர் கொஞ்சம், சிறிய பம்பு கொஞ்சம் வேண்டும். ஸ்பிரேயர் ஆலையிடம் போனால் ஒரே மாடலில் சில நூறு உருப்படிகளாவது எடுக்கச் சொல்வார்கள். அவ்வளவையும் ஒரு பருவத்தில் விற்க முடியாது. முதல் முடங்கும், பேட்டரி கிடங்கிலேயே உயிரை விடும். மூன்று ஊர்ச் சரக்கையும் சேர்த்து அனுப்பும் டிரேடிங் கம்பெனி இந்த அளவு வியாபாரத்துக்குப் பொருத்தமானது. ஏற்றுமதிக்குச் சீன அரசு திருப்பித் தரும் மதிப்புக்கூட்டு வரியை டிரேடிங் கம்பெனியும் பெற முடியும் என்பதால், அதன் விலை ஆலை விலையை விடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும் என்ற கணக்கும் சரியல்ல.

எனவே நடுவில் ஒருவர் இருப்பது குற்றமில்லை. கமிஷன் கடை இல்லாமல் புளியங்குடி எலுமிச்சை ஊரைத் தாண்டியிருக்குமா? ஆனால் கமிஷன் கடைக்காரர் தன்னைத் தோட்டக்காரர் என்று சொல்லிக்கொள்வதில்லை. வெளிநாட்டு வியாபாரத்தில் தொல்லை தொடங்குவது டிரேடிங் கம்பெனி தன்னை ஆலை என்று சொல்லிக்கொள்ளும்போதுதான். யாரோ ஒருவருடைய ஆலையின் படத்தைத் தன் பக்கத்தில் போடுவார்கள். முதல் முறை ஒரு ஆலையிலிருந்தும், மறுமுறை விலை குறைவான வேறொரு ஆலையிலிருந்தும் அனுப்புவார்கள். மாடல் எண் அதேதான். உள்ளே இருக்கும் பம்பு வேறு. பழைய வாஷர் புதிய பம்பில் பொருந்தாது. மருந்தடிக்கும் நேரத்தில் இயந்திரம் நின்றுபோன விவசாயிக்குச் சீனாவில் ஆலை மாறிய கதை தெரியப்போவதில்லை. அவர் கடை வாசலில் வந்து நிற்பார்.

யார் யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டு. சீனாவில் பதிவான ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 18 இலக்கக் குறியீடும் வணிக உரிமமும் இருக்கும். அந்த உரிமத்தின் நகலைக் கேளுங்கள். அதில் 'தொழில் எல்லை' என்ற பகுதியில் உற்பத்தி குறிப்பிடப்பட்டிருக்கிறதா, வெறும் விற்பனையும் ஏற்றுமதியும் மட்டும்தானா என்பதை மொழிபெயர்ப்புச் செயலியில் வைத்தே படித்துவிடலாம். அதுவே முழுச் சான்று ஆகாது. உற்பத்தி என்று எழுதிவைத்துவிட்டு வாங்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கின் பெயர் உரிமத்தில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா? ஆலை செஜியாங்கில் என்று சொல்லிவிட்டு ஹாங்காங்கில் வேறு பெயரில் கணக்குத் தந்தால், ஏன் என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கவேண்டும். கணக்கு எண் மாறிவிட்டது என்று திடீரென்று மின்னஞ்சல் வந்தால் முன்பே தெரிந்த எண்ணில் தொலைபேசியில் கூப்பிட்டு உறுதிசெய்யாமல் ஒரு டாலர்கூட அனுப்பக்கூடாது. மின்னஞ்சலுக்குள் புகுந்து இப்படிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி உலகம் முழுவதும் நடக்கிறது.

வழக்கமாக 30 விழுக்காடு முன்பணம், மீதி 70 கப்பல் ரசீதின் நகல் வந்த பிறகு. சிலர் லெட்டர் ஆஃப் கிரெடிட் போட்டால் முழுப் பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும்தான். ஆவணங்கள் சரியாக இருந்தால், பெட்டிக்குள் மட்டமான சரக்கு இருந்தாலும் பணம் போய்விடும். முன்பணம் அனுப்பிச் சரக்கே வராமல் போனாலோ, போன பணத்தோடு விஷயம் முடியாது. அந்தத் தொகைக்கான இறக்குமதி ஆவணம் எங்கே என்று வங்கி கேட்டுக்கொண்டே இருக்கும்.

சட்டத்தின் பக்கம் வந்தால், ஆலையின் பெயர் தெரியாமல் அடியெடுத்து வைக்கவே முடியாத பொருட்கள் பல. கட்டாயத் தரச்சான்று தேவைப்படும் பொருளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் தரும் உரிமமோ பதிவோ, குறிப்பிட்ட முகவரியில் உள்ள ஆலைக்கே கிடைக்கும்; டிரேடிங் கம்பெனிக்குக் கிடைக்காது. ஸ்பிரேயரில் வைக்கும் லித்தியம் பேட்டரி இந்தக் கட்டாயப் பதிவுப் பட்டியலில் வரும் வகை. குற்றாலத்தில் சாரல் பருவத்துக் கடைகளில் தொங்கும் விளையாட்டுப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அவற்றுக்கான சுங்கவரி 2020-ல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறியது. எந்த ஆலையில் செய்தது என்று சொல்ல முடியாத பொம்மைப் பெட்டி துறைமுகத்திலேயே மாட்டிக்கொள்ளும். அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும்.

இதைவிட முக்கியமானது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குறைபாடுள்ள பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்து, அதைச் செய்தவர் யாரென்று தெரியவில்லை என்றாலோ, தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியவில்லை என்றாலோ, அவர் இந்தியச் சட்டத்துக்கு உட்படாதவர் என்றாலோ, விற்றவர் பொறுப்பாவார் என்று 86-வது பிரிவு சொல்கிறது. பேட்டரி வெடித்து ஒருவர் கை வெந்தால், தைசோவில் இருப்பவரை யாரும் இங்குள்ள நுகர்வோர் ஆணையத்துக்கு இழுத்துவர முடியாது. இறக்கி விற்றவர்தான் கூண்டில் நிற்பார். நேரடி இறக்குமதியில் இறங்குகிற பலருக்கு இது தெரியாமல் இருப்பது எனக்குப் பெருங்கவலை தருகிறது. லாபக் கணக்குப் போடும்போது இந்தப் பொறுப்புக்கும் ஒரு தொகை ஒதுக்கவேண்டும்.

புளியங்குடி வழியாகப் போகும் திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலையிலேயே இதே கேள்வி வேறு வடிவங்களில் கிடக்கிறது. தென்காசி, செங்கோட்டை வட்டாரத்து மர அறுவை மில்களைப் பாருங்கள். 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் தேக்குத் தடிகளை ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. அதன் பிறகு இந்திய மர வியாபாரம் ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கத் தோட்டத் தேக்கை மேலும் நம்பவேண்டி வந்தது. அங்கே தோட்டக்காரரிடம் நேராக வாங்குகிறவர் முதலில் அளவையைத் தீர்த்துக்கொள்ளவேண்டும். நம் பக்கம் தடியைச் சுற்றளவில் கால் பங்கு வைத்து அளக்கும் ஹாப்பஸ் முறை. அந்தக் கணக்கில், தடியின் உண்மையான கன அளவு 100 என்றால் 78.5 தான் வரும். விற்பவர் உண்மைக் கன அளவில் பில் போட்டு, வாங்குபவர் ஹாப்பஸ் கணக்கில் விற்றால், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காகிதத்திலேயே கரைந்துவிடும். இரண்டு பக்க அளவையும் அறிந்த வியாபாரி நடுவில் இருந்தால் அவர் கேட்கும் கமிஷன் வீண்செலவல்ல. பூச்சிக்கொல்லிப் புகையூட்டலும் தாவர நலச் சான்றும் ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே முடியவேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அதே சாலையின் மறுமுனை கொல்லம். முந்திரி ஆலைகளுக்கு ஆப்பிரிக்கக் கொட்டை வேண்டும். அதை இடைத்தரகர் இல்லாமல் நேராக வாங்கவேண்டும் என்பதற்காகவே கேரள அரசு 2017-ல் கேரள முந்திரி வாரியம் என்ற நிறுவனத்தை அமைத்தது. நோக்கம் நியாயமானது. ஆனால் தான்சானியாவில் விவசாயியிடம் போய் மூட்டை எடுக்க முடியாது. கிடங்கு ரசீது முறையில் ஏலத்தில்தான் வாங்கவேண்டும். அங்கே ஒரு சாக்கு 80 கிலோ கொட்டையில் எத்தனை பவுண்டு பருப்பு கிடைக்கும் என்று வெட்டிப் பார்த்துத்தான் விலை. ஒவ்வொரு லோடையும் நேரில் வெட்டிப் பார்க்க ஆள் வைத்திருப்பவருக்குத்தான் நேரடிக் கொள்முதல் கைகொடுக்கும்.

புளியங்குடிக் கடைக்காரருக்கும் அந்த ஆள் வேண்டும். சரக்கு ஏறுமுன் ஆலையிலேயே மாதிரி எடுத்துச் சோதிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு நாள் வேலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகின்றன. சிறு ஆர்டருக்கு அந்தக் கட்டணமே பாரமாகத் தெரியும். கணக்கையும் பார்க்கவேண்டும். துறைமுகம் வந்து சேரும் விலை 100 ரூபாய், அடிப்படைச் சுங்கவரி 10 விழுக்காடு என்று வையுங்கள். வரி 10, அதன் மேல் சமூகநல வரி 1, மொத்தம் 111-க்கு 18 விழுக்காடு ஐ.ஜி.எஸ்.டி. ஆக 130.98. ஐ.ஜி.எஸ்.டி.யைப் பிறகு ஈடுகட்டிக்கொள்ளலாம். ஆனால் முதலில் கையிலிருந்துதான் கட்டவேண்டும். அதோடு கிளியரிங் ஏஜென்ட், லாரி, இறக்குக்கூலி. தனி ஆளாக இருபது முப்பது பெட்டி இறக்குகிறவருக்குச் சோதனைச் செலவு ஒவ்வொரு உருப்படியின் தலையிலும் கனமாக விழும்.

ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று இதே சாலையில் இதே கருவிகளை விற்கும் கடைகள் சேர்ந்து ஒரு கண்டெய்னராக வாங்கினால் இந்தச் சுமை தாங்கக்கூடியதாகும். இருபது அடிக் கண்டெய்னரில் ஏறத்தாழ 28 கன மீட்டர் சரக்கு ஏற்றலாம். அவ்வளவு எடுத்தால் ஆலைக்காரரும் பேசுவார். எந்தப் பம்பு, எந்த மோட்டார், எந்த பேட்டரி என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, கையெழுத்திட்ட மாதிரி ஒன்றை இரு தரப்பும் வைத்துக்கொள்ளலாம். சேர்ந்து வாங்க முடியாதவர்கள் டிரேடிங் கம்பெனியிடமே வாங்கட்டும். ஆனால் ஆலையின் பெயரும் முகவரியும் பில்லில் வரவேண்டும் என்றும், சொல்லாமல் ஆலையை மாற்றக்கூடாது என்றும் நிபந்தனை போடவேண்டும். இரண்டில் எந்த வழியானாலும் வாஷர், டயஃப்ரம், நாசில், கார்புரேட்டர் போன்ற உதிரிபாகங்கள் முதல் ஆர்டரிலேயே ஏறவேண்டும். பிறகு தனியாகக் கேட்டால் வராது. வந்தாலும் விமானக் கூலி இயந்திரத்தின் விலையைத் தொட்டுவிடும்.