கரிசல் பூமியில் சீமை அத்தி: போத்து எடுத்தலும் வளர்த்தலும்

கயத்தாறு, கோவிற்பட்டி முதலிய கரிசற் பிரதேசங்களில் வீட்டுக் கொல்லையில் வேம்பும் முருங்கையும் நிற்கக் காணலாமேயன்றிப் பழமரம் காண்பது அரிது. வருஷத்தில் ஏறக்குறைய 28 அங்குல மழையே இங்கு பெய்வது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்து தீர்ந்துவிடுகிறது. இத்தகைய பூமிக்கு ஏற்ற பழமரங்களுள் சீமை அத்தி ஒன்று. வெயிலையும், சுக்கான் கலந்த மண்ணையும், சற்று உவர்ப்பான கிணற்று நீரையும் அது தாங்கும். ஆயினும் இதனை நட்டவர்களுள் சிலர் பழம் காணாமலே கைவிடுவதுண்டு. அதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு: தகாத கன்றைத் தேர்ந்தெடுத்தல் ஒன்று, மழைக்காலத்தில் வேரடியில் நீரைத் தேங்கவிடுதல் மற்றொன்று.

அத்தி பூத்தாற்போல என்பது வழக்கு. உண்மையில் அத்தி பூவாமல் காய்ப்பதில்லை. நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் காய்க்குள்ளேயே மறைந்திருக்கின்றன. ஆற்றோரங்களில் வளரும் நாட்டு அத்தியின் பூக்களில் மகரந்தம் சேர்ப்பது காய்க்குள் நுழையும் ஒருவகைச் சிறு குளவியாகும். அதனாலேயே அப்பழத்தைப் பிளந்தால் பூச்சிகள் தென்படுகின்றன. சீமை அத்தியில் பல ஜாதிகள் உண்டு. அவற்றுள் பூனா ஜாதி போன்றவை குளவியின் உதவியின்றியே காய்த்துப் பழுப்பவை. ஸ்மர்னா ஜாதியோ குளவியில்லாவிடில் பிஞ்சுகளை உதிர்த்துவிடும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் 1880-களில் நடப்பட்ட ஸ்மர்னா மரங்கள் பல ஆண்டுகள் பிஞ்சுகளை உதிர்த்துக்கொண்டே நின்றன. 1899-ஆம் ஆண்டில் அக்குளவியை அங்கே கொண்டுவந்து நிலைபெறச் செய்த பின்னரே அவை பலன் தந்தன.

கடையில் வாங்கிய உலர்ந்த அத்திப்பழத்தின் விதையை விதைத்துக் கன்று எடுப்போர் இதனைக் கவனித்தல் வேண்டும். விதைக்கன்று தாய்மரத்தின் குணத்தை ஒத்திராது. அவற்றுள் ஏறக்குறையப் பாதி, தின்பதற்கு உதவாத ஆண் மரங்களாய்விடக்கூடும். எஞ்சியவற்றிலும் சில குளவியின்றிப் பழுக்கமாட்டா. மூன்று நான்கு ஆண்டுகள் நீர் வார்த்த பின் இவ்வுண்மை தெரியவருவது பெருநஷ்டமன்றோ? ஆதலால் தன் ஊரிலோ அயலூரிலோ நன்கு பழுத்து வரும் மரத்தினின்றும் போத்து வாங்கி நடுவதே சிலாக்கியமானது.

மார்கழி மாதத்தில் மரத்தைக் கவாத்துச் செய்யும்போது கழிக்கும் கிளைகளே போத்துக்கு ஏற்றவை. ஓராண்டு முற்றிய, பென்சில் அல்லது சுண்டுவிரல் கனமுள்ள குச்சிகளைத் தெரிந்து, மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு எட்டு முதல் பத்து அங்குல நீளத்துக்கு வெட்டவேண்டும். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழேயும், தலைவெட்டு கணுவுக்கு அரை அங்குலம் மேலேயும் அமைதல் நலம். வெட்டுவாயில் வடியும் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் எழும். குழந்தைகளை அருகே விடலாகாது. பால் வடிந்து உலரும்படி ஒரு நாள் நிழலில் வைத்திருந்து, பின் மணலும் செவல் மண்ணும் மக்கிய தொழுவுரமும் சமபாகமாகக் கலந்த தொட்டியில், மூன்றில் இரண்டு பங்கு புதையுமாறு ஊன்றவேண்டும். மண் ஈரமாயிருக்கலாம், சேறாயிருத்தல் கூடாது.

ஒரு மாதத்திற்குள் துளிர் தோன்றும். அதனைக் கண்டு வேர் பிடித்துவிட்டதென்று மகிழ்தல் தவறு. குச்சியில் முன்னரே சேர்ந்துள்ள சத்தைக் கொண்டு இலை முதலில் வரும். வேர் பின்னரே ஓடும். அச்சமயத்தில் பிடுங்கிப் பார்ப்பதும் வெயிலில் வைப்பதும் போத்தைக் கொன்றுவிடும். கோடை முழுவதும் தொட்டியிலேயே நிழலில் வைத்துக் காத்தல் வேண்டும்.

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்றின் வலிமையைக் கயத்தாற்றில் நிற்கும் காற்றாலைகளே அறிவிக்கும். அகன்ற இலையும் முறியும் கிளையும் உடைய அத்திக்கு அக்காற்று பகை. ஆதலால் காற்று ஓய்ந்த பின் புரட்டாசியில் நடுவதும், வீட்டுச் சுவர் மேற்கே மறைப்பாக அமையும்படி கீழ்ப்புறத்தில் இடம் தெரிவதும் உசிதம். சுவருக்கும் மரத்துக்கும் பத்தடியாவது இடைவெளி வேண்டும்.

நடும் முறையிலேதான் பெரும்பிழை நேர்கிறது. மற்றப் பூமிகளிற்போல மூன்றடிக் குழி வெட்டி இளகிய மண் நிரப்பினால், கரிசலில் அக்குழி நீர் வடியாத பானையாகிவிடும். கார்த்திகை மழையில் வேர் அதனுள் அழுகும். ஆகவே நிலத்தை ஒரு சாண் ஆழம் கொத்திவிட்டு, அதன்மேல் செவல் மண், சரளை, தொழுவுரம் கலந்து ஒன்றரை அடி உயரமும் ஆறடி அகலமும் உள்ள மேடை அமைத்து, அதன் நடுவே கன்றை நடவேண்டும். மேடையைச் சுற்றி விழும் நீர் ஓடிவிடச் சிறு வாய்க்காலும் அவசியம். புன்செய்க் காட்டில் மழைநீரைத் தேக்குவது குடியானவனின் திறமை. அத்தியடியில் அதனை வடித்துவிடுவதே திறமை.

கோடையில் கரிசல் வெடித்துப் பக்கவேர்களை அறுத்துவிடும். சோளத்தட்டையையும் பருத்திமாரையும் நறுக்கி, தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலக்கி மூடாக்கு இடுதல் வேண்டும். அரிசி களைந்த நீரும் பாத்திரம் அலம்பிய நீரும் இம்மரத்துக்குப் போதிய உதவி. சோப்பு மிகுந்த நீரை விலக்கவேண்டும். காய் திரளும் மாதங்களில் நீரை ஒழுங்காக விடாமல், காயவிட்டுத் திடீரென மிகுதியாகப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும்.

அத்திக்குப் பேர்பெற்றதும், 2016-ஆம் ஆண்டில் அதற்காகப் புவிசார் குறியீடு பெற்றதுமான புனே ஜில்லாவின் புரந்தர் வட்டாரத்தில், மழைக்காலத்துப் பழம் புளித்தும் கோடைப் பழம் இனித்தும் இருப்பது அநுபவம். மார்கழிக் கவாத்தின் பயனும் இதுவே: புதுக்கிளையில் வரும் காய், மழையற்ற பங்குனி, சித்திரையில் பழுக்கும். இலையின் அடியில் துருப்போன்ற தூள் கண்டால் உதிர்ந்த இலைகளைத் திரட்டி எரித்துவிடவேண்டும். தண்டில் துளையும் மரத்தூளும் காணப்பட்டால் கம்பியை உட்செலுத்திப் புழுவைக் கொல்லவேண்டும். அணிலுக்கும் பறவைக்கும் பழத்தைத் துணிப்பையால் மூடுவது போதும்.

போத்தில் வந்த மரம் இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். காம்பு தளர்ந்து பழம் தொங்கும்போதே பறிக்கவேண்டும். காயாகப் பறித்தது பின்னர் நன்கு பழுக்காது. பழுத்ததோ ஓரிரு நாளுக்குமேல் தாங்காது. தூரத்துச் சந்தைக்கு அனுப்புவது கஷ்டமாதலின், சுண்ணாம்புச் சத்து நிறைந்த இப்பழம் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கே முதலில் சேரும். அன்றியும் ஆண்டுதோறும் கவாத்தில் விழும் குச்சிகள் அயல்வீடுகளுக்குப் போத்தாகும். நல்ல மரம் ஒன்று ஒரு தெருவில் இருந்தால், பணச்செலவின்றியே சில ஆண்டுகளில் அத்தெரு முழுவதும் அத்தி நிழல் காணலாம்.